கம்பஸ் முடிச்சாச்சு, வேலை தேடுறது எப்பிடி? டவுன் கடையா, கொழும்பா, கவர்மென்டா?

சுன்னாகத்துப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம் கம்பஸில மனேஜ்மென்ட் பக்கல்டியில கணக்கியல் செய்தனான், ரிசல்ட் வந்து ஒரு வருசமாகப் போகுது. டொப்ஜொப்ஸ் எண்ட வேலை வெப்சைட்டில போட்டுப் பாத்தாச்சு, பேஸ்புக் குரூப்பில வாறதுக்கெல்லாம் சிவி அனுப்பியாச்சு, உதயன் பேப்பரில வந்ததுக்கும் போட்டன், கனபேர் பதிலே போடேல்ல. வேண்டாம் எண்டாலும் ஒரு வார்த்தை சொல்லலாம்தானே.

இப்ப கையில கிடக்கிறது இதுதான். டவுனுக்க ஒரு பெரிய ஹாட்வெயார் கடையில அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட், 40,000 தருவினமாம், லெட்டர் பிறகு பாப்பம் எண்டினம். கொழும்பில ஒரு கொம்பனி, ஒஸ்ரேலியாக்காரற்ற கணக்குச் செய்து குடுக்கிறவை, 65,000 எண்டு கதைச்சவை, முதல் இன்டர்வியூ சூமில முடிஞ்சுது, அறிவிப்பம் எண்டு சொல்லிப்போட்டு ரண்டு கிழமையாச் சத்தமில்லை. மாமா ஒரு பினான்ஸ் கொம்பனியில மனேஜ்மென்ட் ட்ரெய்னியா சேத்து விடுறன் எண்டு நிக்கிறார். அம்மா எல்லாத்துக்கும் மேலால, கவர்மென்ட் கூப்பிடுமட்டும் வீட்டில இரு, டியூசன் குடு காணும் எண்டுறா.

எனக்கு ஏற்ற வேலை எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? சும்மா கிடைச்சதுக்குள்ள போய் விழுந்திட்டு பேந்து வெளிய வரேலாமல் போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கஸ்தூரியார்வீதிக்காரன்

தங்கச்சி, நான் இஞ்ச ஒரு விநியோக கொம்பனியில கணக்குப் பகுதியைப் பாக்கிறன், ஆள் எடுக்கேக்க சிவியளை வாசிக்கிறதும் நான்தான், அதால மேசைக்கு அங்கால்ப்பக்கம் என்ன நடக்குது எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளும், குறை நினைக்காதேங்கோ.

விளம்பரம் போட்ட அண்டைக்கே மெயில் நிறைஞ்சிடும். அதில பாதி கொமினிக்கேசனில (ரைப் அடிச்சு பிரின்ட் எடுத்துக் குடுக்கிற கடை) குடுத்து அடிச்ச சிவி, ஒரே டிசைன், மேல ஒரே பந்தி, சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன் எண்டு. சிலது கொமினிக்கேசன்காரற்ற மெயிலில இருந்தே வரும், நாங்கள் இன்டர்வியூவுக்கு வாங்கோ எண்டு பதில் போட்டா அதை அவர்தான் பாப்பார், பிள்ளை வீட்டில இருந்து ஒருத்தரும் பதில் போடுறாங்கள் இல்லை எண்டு கவலைப்படும். நீங்கள் அப்பிடிச் செய்யேல்ல எண்டு நம்புறன், ஆனா ஒருக்கா பாருங்கோ.

பிறகு அப்பான்ர பேர், அவற்ற தொழில், சமயம், அடையாள அட்டை நம்பர், ஓஎல் ரிசல்ட் பாடம் பாடமா, இதிலயே முதல் பக்கம் முடிஞ்சிடும். கவர்மென்ட் படிவத்துக்கு அது தேவை, எனக்கு என்னத்துக்கு? எனக்கு வேண்டியது என்னெண்டா, இந்தப் பிள்ளை வந்து திங்கக்கிழமை மேசையில இருந்தா எந்த வேலையை எடுத்துச் செய்யும் எண்டு. 2024 தையில வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமாகேக்க, பதிய வேண்டிய எல்லையையும் வருச விற்பனை 8 கோடியில இருந்து 6 கோடிக்கு இறக்கினாங்கள். அதோட இஞ்ச கொப்பியில கணக்கு வைச்சிருந்த சில முதலாளிமாரும் வற்றுக்குள்ள வந்திட்டினம். ஆக, ரமிஸில (இறைவரித் திணைக்களத்தின்ர ஒன்லைன் முறை) ரிட்டேன் போடத் தெரிஞ்ச ஆள், மாதாமாதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுற விவரம் எழுதிற சி போம் அனுப்பத் தெரிஞ்ச ஆள், பாங்க் ஸ்டேட்மென்டையும் காஷ்புக்கையும் வைச்சு ஏன் ஒத்து வரேல்ல எண்டு தேடிப் பிடிக்கிற ஆள், இப்பிடி ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. டிகிரிக்குத் தட்டுப்பாடில்ல, சொன்னா கோவிக்காதேங்கோ.

நான் இன்டர்வியூவில உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறதே குறைவு. ஒரு பாங்க் ஸ்டேட்மென்ட் கொப்பியும் காஷ்புக் பக்கமும் குடுத்து அரை மணித்தியாலம் தனிய விட்டிடுவன். வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில சோதினையில ஏ எடுத்த பிள்ளையளே திகைச்சுப்போய் இருக்கினம், ஏனெண்டா சோதினைத் தாளில பிரச்சினையை அவையே எழுதித் தருவினம், இஞ்ச நீங்கள்தான் தேடவேணும்.

அதால நான் சொல்லுறது, உங்கட சொந்தத்துக்குள்ள ஆரும் கடை வைச்சிருப்பினம், அவையின்ர மூண்டு மாத பில்லையும் பாங்க் ஸ்டேட்மென்டையும் கேட்டு வாங்கி எக்செலில கணக்கை எழுதி ஒத்து வரப் பண்ணுங்கோ. குயிக்புக்ஸ் ஒன்லைன் எண்ட கணக்கு சொப்ட்வெயாரில புரோஅட்வைசர் எண்டு ஒரு சோதினை கிடக்கு, காசு கட்டத் தேவையில்லை, வீட்டிலயிருந்து செய்யலாம். இந்த ரண்டையும் சிவியின்ர மேல்ப்பகுதியில ரண்டு வரியில போடுங்கோ. விளம்பரத்தில கேட்டிருக்கிற வேலையை அவையின்ர சொல்லிலயே திருப்பிச் சொல்லுங்கோ. எல்லா இடத்துக்கும் ஒரே சிவியை அள்ளி எறியிறதை நிப்பாட்டுங்கோ, வாசிக்கிறவனுக்கு அது உடன விளங்கும்.

மாமான்ர பினான்ஸ் வேலை பற்றி. மனேஜ்மென்ட் ட்ரெய்னி எண்ட பேர் கேக்க வடிவா இருக்கும். மாமாட்ட ஒண்டு கேளுங்கோ, டார்கெட் இருக்கோ எண்டு. விளம்பரத்தில மோட்டச்சைக்கிளும் லைசென்சும் வேணும் எண்டு கிடந்தா மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்ளலாம், லீசிங்குக்கு ஆள் பிடிக்கிறதும் கட்டாத ஆக்களின்ர படலையில போய் நிக்கிறதும்தான் வேலை. அது கூடாத வேலை எண்டு நான் சொல்லேல்ல, வாய்க்காரப் பெடியள் கொமிசனில என்னைவிட உழைக்கினம். ஆனா கணக்குப் படிச்சு கணக்கில நிக்க விரும்பிற பிள்ளைக்கு அது வேற பாதை.

ஸ்காபரோ_சிவா

இஞ்ச கனடாவில நாங்கள் வந்த புதிசில ரெசுமேயை பிரின்ட் எடுத்துக்கொண்டு கடை கடையா ஏறி இறங்கி மனேஜரைக் கேட்டுக் கதைச்சுத்தான் வேலை எடுத்தனாங்கள். இப்பத்தைப் பிள்ளையள் போனுக்கு முன்னால இருந்துகொண்டு வேலை வரேல்ல எண்டு அழுகினம். நேரா போங்கோ பிள்ளை, ஆஸ்பத்திரி வீதியில எத்தினை பாங்க் கிடக்கு, உள்ளுக்க போய் மனேஜரோட கதையுங்கோ.

கொக்குவில்_பெடியன்

சிவா அண்ணை, பாங்க் கிளை மனேஜருக்கு ஆள் எடுக்கிற அதிகாரம் இல்லை, அது கொழும்பில ஹெட் ஒபிஸ் எச்ஆர் செய்யிறது. சிவியை வாங்கி லாச்சிக்க வைப்பார், அவ்வளவுதான். வாசல் செக்குரிட்டியே எந்தக் கவுண்டர் எண்டு கேட்டு நம்பர் துண்டு தந்திடுவார் 😄

ஆனா அண்ணை சொல்லுறதில பாதி சரி. உள்ளூர் முதலாளிமாரின்ர இடம், ஓடிட் பேம் (கணக்காய்வு நிறுவனம்), தனியார் ஆஸ்பத்திரி, ஹோட்டல், இதுகளில கன வேலை விளம்பரத்துக்கே வாறேல்ல, ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ எண்டு ஓடிட் செய்யிறவரிட்டக் கேப்பினம், அவர் ஒரு பேர் சொல்லுவார், அலுவல் முடிஞ்சுது. ஒரு ஓடிட்டருக்கு முப்பது நாப்பது கடையின்ர உள்வீட்டுக் கதை தெரியும். அக்கா, உங்களோட படிச்ச பச்சில ஓடிட் பேமுக்குப் போன ஆக்கள் இருப்பினம், அவையோட கதையுங்கோ. வேலை எடுத்துத் தா எண்டு கேக்காதேங்கோ, அப்பிடிக் கேட்டா ஆக்கள் ஒளிப்பினம். உங்கட இடத்தில ஒரு நாள் எப்பிடிப் போகும், என்ன சொப்ட்வெயார், பொஸ் எப்பிடி, இதைக் கேளுங்கோ. ஆருக்கும் தன்ர வேலையைப் பற்றிக் கதைக்க விருப்பம்தானே, நிப்பாட்டேலாது. அதிலதான் உங்களுக்கு எது ஒத்துவரும் எண்டும் தெரியவரும்.

இன்னுமொண்டு, சிஏ (பட்டயக் கணக்காளர்) செய்யிற எண்ணம் இருந்தா மூண்டு வருசம் ட்ரெய்னிங் செய்யத்தான் வேணும், அதுக்கு அங்கீகாரம் உள்ள பேமில சேந்தாத்தான் அது கணக்கில எடுபடும். காசு குறைவு, வேலை இடுப்பொடியும், ஆனா பேந்து ஆரும் உங்களிட்ட அனுபவம் இருக்கோ எண்டு கேக்க மாட்டினம்.

சட்டம்_தெரிஞ்ச_அக்கா

எல்லாரும் சிவியைப் பற்றிக் கதைக்கிறியள், லெட்டர் பிறகு பாப்பம் எண்டதை ஒருத்தரும் கவனிக்கேல்ல.

தங்கச்சி, கடைகள் காரியாலயங்கள் ஊழியர் சட்டம் 1954ம் ஆண்டில இருந்து இருக்கு. அதின்படி வேலை தொடங்கேக்கையே பதவி என்ன, சம்பளம் எவ்வளவு, என்ன அடிப்படை எண்டு எழுத்தில தரவேணும். ஈபிஎஃப் முதல் நாளில இருந்து கட்டவேணும். ப்ரொபேசன், ட்ரெய்னி, தற்காலிகம் எண்டு எந்தப் பேர் வைச்சாலும் கட்டத்தான் வேணும். உங்கட சம்பளத்தில 8 வீதம் வெட்டுவினம், முதலாளி தன்ர கையால 12 வீதம் போடவேணும், ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் அதுவும் அவற்றதான், உங்களிட்ட வெட்டேலாது.

40,000 எண்டா கணக்கைப் பாருங்கோ. உங்கட 3,200, அவற்ற 4,800, ஈரிஎஃப் 1,200. மாதம் 9,200 உங்கட பேரில சேரும், வருசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல. கையில 36,800 வரும். இதைக் கட்டாத கடையில கையில 40,000 முழுசா வருதெண்டு சந்தோசப்பட்டா நட்டம் உங்களுக்குத்தான். சிலபேர் கட்டுவினம், ஆனா அடிப்படைச் சம்பளத்தைச் சின்னனாக்கி மிச்சத்தை அலவன்ஸ் எண்டு காட்டிக் கட்டுவினம், அதையும் கேட்டு வைக்கவேணும். சேந்த பிறகு அங்கத்துவ இலக்கம் என்ன எண்டு கேளுங்கோ. காசு மத்திய வங்கியில கிடக்கும், கட்டாதவையைப் பிடிக்கிறது தொழில் திணைக்களம், யாழ்ப்பாணத்திலயும் அவையின்ர ஒபிஸ் இருக்கு.

15 பேர் அல்லது கூட வேலை செய்யிற இடமெண்டா, அஞ்சு வருசம் முடிச்சு விலகேக்க பணிக்கொடை வரும், வருசத்துக்கு அரை மாதச் சம்பளம், 1983ம் ஆண்டுச் சட்டம். பிள்ளைக்கு இப்ப அது தூரத்து விசயம், ஆனா கடையில எத்தினை பேர் எண்டு பாத்து வையுங்கோ. அதோட ஆகக்குறைஞ்ச சம்பளமே 2026 தையில இருந்து 30,000. கல்லுமண் ஏத்துறவருக்கும் அது சட்டம். டிகிரி முடிச்சு வற் போடத் தெரிஞ்ச பிள்ளைக்கு 40,000 எண்டா நான் எண்டா ஒருக்கா வாய் திறந்து கேட்டுப் பாப்பன்.

ஒரிஜினல் சேட்டிபிக்கட்டை மட்டும் ஒரு இடத்திலயும் குடுத்து வைக்காதேங்கோ. காட்டுங்கோ, கொப்பி குடுங்கோ, ஒரிஜினல் வீட்டு அலுமாரிக்க.

சுன்னாகத்துப்பிள்ளை

எல்லாருக்கும் சரியான நன்றி. சிவி நான் அடிச்சதுதான், ஆனா அந்தச் சவாலான சூழல் பந்தி அப்பிடியே கிடக்கு 🙈 இண்டைக்கே தூக்கிறன். ஓஎல் ரிசல்டும் முழுசாக் கிடக்கு.

சித்தப்பாவுக்கு மருதனார்மடத்தில மருந்துக்கடை இருக்கு, பில்லைத் தா எண்டு கேட்டன், ஏன் பிள்ளை இன்கம்டக்ஸில சேந்திட்டியோ எண்டு கேக்கிறார். தருவார் போலதான்.

கொழும்பு பற்றி ஆரும் சொல்லுங்கோவன். அம்மா அதைக் கதைச்சாலே எழும்பிப் போயிடுறா.

வெள்ளவத்தைப்_போடிங்

நான் சொல்லுறன் அக்கா, நானும் இதே மாதிரி ஒரு இடத்திலதான் வேலை, ஒஸ்ரேலியாக் கணக்கு. முதல் விசயம் நேரம். சிட்னி எங்களைவிட நாலரை மணித்தியாலம் முந்தி ஓடுது, அவையின்ர வெயில் காலத்தில அஞ்சரை. அதால கன இடத்தில விடிய ஆறு ஏழு மணிக்கே ஒபிஸ். கேட்டு வையுங்கோ, பொம்பிளைப் பிள்ளையளுக்கு இருட்டோட பஸ் எடுக்கிறதுதான் முதல் கஷ்டம், ஆனா பின்னேரம் மூண்டு நாலு மணிக்கு விட்டிடுவினம், அதில படிக்கலாம். அவையின்ர நிதியாண்டு ஆனி 30 இல முடியிறது, ஆடியில இருந்து தலைதூக்கேலாது. நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு கேட்டா முகத்தைப் பாப்பினம், அதையும் இப்பவே மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

வேலை முழுக்க ஸீரோ (Xero), குயிக்புக்ஸ் எண்ட கணக்கு சொப்ட்வெயாரில. கஸ்தூரியார்வீதி அண்ணை சொன்ன சோதினையை செய்தா இஞ்சயும் மதிப்பினம். வேலை இங்கிலிசில, ஆனா சாப்பாட்டு மேசையில முழுக்கச் சிங்களம், ஒண்டும் விளங்காமல் சிரிச்சுக்கொண்டு இருக்கவேண்டி வரும் முதல் மாதங்களில. கதைக்கப் பழகினா அதுவே பிறகு கவர்மென்ட் பக்கமும் உதவும், அங்க இரண்டாம் மொழி கேக்கிறாங்கள்தானே.

காசுக் கணக்கு எண்டா, 65,000 இல ஈபிஎஃப் 5,200 வெட்டினா 59,800. அறையை இன்னொரு பிள்ளையோட பகிர்ந்து, போடிங், சாப்பாடு, பஸ், மாதம் ஒருக்கா ஊருக்கு வந்து போற செலவு எல்லாம் போக கையில மிஞ்சிறது டவுனில வீட்டுச் சாப்பாட்டோட 40,000 எடுக்கிறவைக்கு மிஞ்சிறதைவிடக் குறைவாத்தான் வரும். ஆக, காசுக்காக கொழும்பு வராதேங்கோ. ரண்டு வருசத்தில கைக்கு வாற அனுபவத்துக்காக வாறதெண்டா வாங்கோ, பேந்து அதே வேலையை வீட்டிலயிருந்து செய்ய விடுற இடங்களும் இருக்கு, எங்கட ஒபிஸிலயே ரண்டு பேர் இப்ப ஊரில இருந்துதான் செய்யினம்.

ரண்டு கிழமை சத்தமில்லையெண்டா மெயில் ஒண்டு போடுங்கோ. நாலு வரி காணும்: நன்றி, இன்னும் விருப்பம், எனக்கு வேற ஒரு இடத்தில முடிவு கேக்கினம், எப்ப அறியலாம். கெஞ்சத் தேவையில்லை.

கச்சேரியடி

எல்லாரும் சேந்து அம்மாவைப் பிழைகாரியாக்கிப்போட்டியள். நான் அபிவிருத்தி உத்தியோகத்தர், 2020 இல 20,000 பயிற்சிக் கொடுப்பனவோட எடுத்த பட்டதாரியளில ஒராள். இண்டைக்கு வீட்டுக்குக் கிட்ட வேலை, லோன் எடுக்கலாம், பிள்ளை பிறந்தா லீவு. இதை ஒண்டும் குறைவாச் சொல்லாதேங்கோ.

ஆனா தங்கச்சி, எங்கள மாதிரி மொத்தமா எடுக்கிற காலம் திரும்ப வருமெண்டு வீட்டில இருக்காதேங்கோ. 2017 இல எங்களுக்கு முந்தின பட்டதாரியள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) முன்னால கொட்டில் போட்டு மாதக் கணக்கா இருந்தவை, அவைக்கே இழுபட்டுத்தான் கிடைச்சது, 2022 நெருக்கடிக்குப் பிறகு ஆளெடுக்கிறதை நல்லா இறுக்கிப்போட்டாங்கள். இனிப் போட்டிப் பரீட்சைதான். வெள்ளிக்கிழமையில வர்த்தமானியைப் பாருங்கோ, அதோட வடமாகாண பொதுச்சேவை ஆணைக்குழுவின்ர அறிவித்தலையும் தனியப் பாருங்கோ, மாகாண வேலை எல்லாம் அதிலதான் வரும். வயசெல்லையை முதல் வாசிக்கவேணும். வேலை செய்துகொண்டே சோதினை எழுதலாம், அம்மாட்ட அப்பிடிச் சொல்லுங்கோ, கவர்மென்டை விட்டிட்டன் எண்டு சொல்லாமல் ரண்டும் செய்யிறன் எண்டு. என்ர அம்மாவும் அதுக்குத்தான் ஓம் பட்டவ.

பிரதேச செயலகத்தில மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர் இருப்பார், வேலை தேடுறவையைப் பதிவார், தொழிற்சந்தை வைக்கேக்க அறிவிப்பார். பதிஞ்சு விடுங்கோ, காசில்லை.

சுன்னாகத்துப்பிள்ளை

கடை ஐயாட்டப் போய்க் கேட்டன். லெட்டர் தரலாமாம். ஈபிஎஃப் ஆறு மாதம் போகட்டும், நீ நிப்பியோ எண்டு பாத்திட்டுக் கட்டுறன் எண்டார். எனக்கு வற் ரிட்டேன் போடத் தெரியுமோ எண்டு கேட்டார், பழகிறன் எண்டன். அப்ப 45,000 தரலாம் எண்டு வாய் விட்டிட்டார் 😅 கொழும்புக்கும் மெயில் போட்டாச்சு, வாற புதன் ரண்டாவது இன்டர்வியூவாம்.

சட்டம்_தெரிஞ்ச_அக்கா

ஆறு மாதம் பாத்திட்டு எண்டது சட்டத்தில இல்லை. சண்டை பிடிக்காமல் சொல்லுங்கோ, ஐயா சி போமை நானே நிரப்பி அனுப்பிறன், உங்களுக்கு வேலையில்லை, பிறகு லேபர் ஒபிஸில இருந்து வந்தா சேர்ச்சார்ஜோட கட்டவேண்டி வரும் எண்டு. கன முதலாளிமாருக்கு அந்தக் கடதாசி வேலைதான் பஞ்சி. அதுக்கும் மாட்டன் எண்டா அந்த மனுசன் எப்பிடி எண்டு இப்பவே தெரிஞ்சிடும். புதன்கிழமை முடியுமட்டும் ஓம் எண்டு சொல்லாதேங்கோ.

கோப்பாய்_99

அண்ணைமார் அக்காமார், இடையில கேக்கிறன் குறை நினைக்காதேங்கோ. எனக்கு ஏஎல் மட்டும்தான், ரண்டு எஸ் (சாதாரண சித்தி). டெலிகிராமில ஒரு வேலை வந்தது, தாய்லாந்தில டேட்டா என்ட்ரி, மாதம் 1200 டொலர், ரைப் பண்ணத் தெரிஞ்சாக் காணுமாம், டூரிஸ்ட் விசாவில போய் அங்க மாத்தலாமாம். போகலாமோ?

கொக்குவில்_பெடியன்

தம்பி போகாத. தாய்லாந்து எண்டு சொல்லி ஏத்தி, எல்லை கடத்தி மியன்மாரில மியாவடிப் பக்கம் கொண்டுபோய் அடைச்சு வைச்சு ஒன்லைன் மோசடி செய்யப் பண்ணுறாங்கள், 2024 இல எங்கட நாட்டுப் பெடியள் கனபேரை அங்க இருந்துதான் மீட்டுக்கொண்டு வந்தது. அதே வருசம் ஐரோப்பா எண்டு கூட்டிக்கொண்டு போன யாழ்ப்பாணப் பெடியள் ரஷ்ய ஆமியில போய் நிண்ட கதையும் பேப்பரில வந்தது. டூரிஸ்ட் விசாவில வேலை எண்டு ஆரும் சொன்னா அதோட போனை வை.

கோப்பாய்_99

அண்ணை அவங்கள் காசு ஒண்டும் கேக்கேல்ல. டிக்கெட்டும் தாங்களே போடுறாங்களாம்.

கொக்குவில்_பெடியன்

அதுதான்டாப்பா இன்னும் பயம். காசு வாங்காமல் டிக்கெட் போடுறவன் அந்தக் காசை உன்னட்ட எப்பிடி எடுப்பான் எண்டு யோசி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 எண்ட நம்பருக்கு அடிச்சு, ஏஜென்சியின்ர பேரைச் சொல்லி லைசென்ஸ் இருக்கோ எண்டு கேள். பாஸ்போட்டை ஆருக்கும் படமெடுத்து அனுப்பிப்போடாத, அனுப்பியிருந்தா இப்பவே சொல்லு. ஏசி திருத்த, வயரிங், வெல்டிங் இதில எதுவும் பிடிக்குமோ? நைட்டாவில (அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனம்) பயிற்சிக்குப் போட்டு என்விகியூ எண்ட தொழில் தகைமையில நாலாம் மட்டம் எடுக்கலாம், அதோட முறையா வெளிநாடு போன பெடியளை எனக்குத் தெரியும். உள்பெட்டியில வா, விவரம் தாறன்.